உப்புநீரா, குளுக்கோஸ் நீரா? நானோ மருந்துகள்: வாசகர் கேள்வி–பதில்

நானோ மருந்துகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பலர் சுற்றிவளைத்துக் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: ‘மருந்து பழையதுதானே, துகளைச் சிறிதாக்கினால் அப்படி என்ன மாறிவிடும்?’ அதே சந்தேகத்தோடு வந்த கடிதத்திலிருந்தே தொடங்குவோம்.

கே: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். முதல் சுற்றில் ‘டாக்சோரூபிசின்’ ஏற்றினார்கள். நோய் திரும்பிய பிறகு இப்போது ‘லிப்போசோம் டாக்சோரூபிசின்’ ஏற்றுகிறார்கள். இரண்டும் ஒரே மருந்துதானா? முன்பு இல்லாத விதமாக இப்போது உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிகிறதே, ஏன்?

ப: மூலக்கூறு ஒன்றுதான். உடம்புக்குள் அது நடமாடும் விதம்தான் வேறு.

சாதா டாக்சோரூபிசினை ரத்தநாளத்தில் ஏற்றினால் சில நிமிடங்களிலேயே ரத்தத்தை விட்டு வெளியேறி எல்லாத் திசுக்களிலும் பரவிவிடும். அப்படிப் பரவும்போது இதயத் தசையையும் விட்டுவைப்பதில்லை. எத்தனை முறை ஏற்றினாலும் மொத்த அளவைக் கூட்டிக் கணக்கு வைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். லிப்போசோம் வகையில் அதே மருந்து சுமார் 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள கொழுப்புக் குமிழுக்குள் அடைபட்டிருக்கிறது. ஒரு ரத்தச் சிவப்பணுவின் குறுக்கே இப்படிப்பட்ட குமிழ்களை எழுபது எண்பது வரிசையாக வைக்கலாம்.

அடைக்கும் முறை அழகானது. முதலில் அமோனியம் சல்பேட் கரைசலுக்குள் வெற்றுக் குமிழ்களை உருவாக்குகிறார்கள். பிறகு குமிழுக்கு வெளியே இருக்கும் அமோனியம் சல்பேட்டை மட்டும் நீக்குகிறார்கள். இப்போது டாக்சோரூபிசினைச் சேர்த்துச் சூடாக்கினால் அது சவ்வைக் கடந்து உள்ளே போகிறது. உள்ளே போனதும் சல்பேட்டோடு சேர்ந்து படிகமாகிவிடுகிறது. படிகமான பிறகு வந்த வழியே திரும்ப முடியாது. இப்படி ஒவ்வொரு குமிழிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைத் திணித்துவிடலாம். குமிழின் வெளிப்புறத்தில் ‘பெக்’ எனப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகள் புல் போல நட்டிருக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள துப்புரவு செல்கள் குமிழைச் சட்டென்று அடையாளம் கண்டு விழுங்காமல் அந்தப் புல் தடுக்கிறது. அதனால் மருந்து நாள்கணக்கில் ரத்தத்திலேயே சுற்றுகிறது. 1995-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ‘டாக்சில்’ என்ற பெயரில் அனுமதித்த முதல் நானோ மருந்து இதுதான்.

இதயத்தின் நுண்குழாய்கள் இறுக்கமானவை. 100 நானோமீட்டர் குமிழ் அவற்றில் எளிதில் கசியாது. புற்றுக்கட்டியின் குழாய்கள் அவசரத்தில் கட்டிய சுவர் போல இடைவெளி விட்டவை, அங்கே கசியும். லாபம் இது. நஷ்டம், உங்கள் மனைவியின் கையில் தெரிவது. நாள்கணக்கில் சுற்றும் குமிழ்கள், அழுத்தமும் உரசலும் அதிகமுள்ள உள்ளங்கை, உள்ளங்கால் தோலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கின்றன. மருந்து ஏறிய அடுத்த சில நாட்களுக்கு வெந்நீரில் கை வைப்பதையும், இறுக்கமான செருப்பையும், துணி பிழிவது போன்ற வேலைகளையும் தவிர்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் கை கால்களை நனைக்கலாம். தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். வாசனை சேர்க்காத களிம்பை மெல்லப் பூசலாம். கொப்புளம் வந்தாலோ நடக்க வலித்தாலோ அடுத்த தவணை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். தவணையைத் தள்ளிப்போட்டோ அளவைக் குறைத்தோ சரிசெய்யக்கூடிய தொந்தரவு இது. பொறுத்துக்கொண்டால் கூடிக்கொண்டே போகும்.

இன்னொன்று மிக முக்கியம். முதல் சுற்றில் ஏறிய சாதா டாக்சோரூபிசினின் மொத்த அளவு இப்போது சிகிச்சை தரும் மருத்துவர் கையில் இருக்க வேண்டும். குமிழுக்குள் இருந்தாலும் இதயக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. பழைய சிகிச்சைச் சீட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள்.

கே: புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஆல்புமின் பாக்லிடாக்சல் கலக்கும்போது குப்பி முழுக்க நுரை வந்துவிடுகிறது. பூஞ்சைத் தொற்றுக்கான லிப்போசோம் ஆம்ஃபோடெரிசினை நன்றாகக் குலுக்கச் சொல்கிறார்கள், இதைக் குலுக்கக் கூடாது என்கிறார்கள். ஒன்றுக்கு சலைன் (உப்புநீர்), மற்றொன்றுக்கு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் நீர்). மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?

ப: உண்டு. துகள் எதனால் ஆனது என்று பார்த்தால் விதி தானாக விளங்கும்.

பாக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது. பழைய வகையில் அதைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானைச் சேர்ப்பார்கள். ஒவ்வாமைக்கு அந்தக் கரைப்பானே பெரும் காரணம். அதற்காகத்தான் முன்கூட்டியே ஸ்டீராய்டு, பிறகு 3 மணி நேர டிரிப். 2005-இல் அனுமதி பெற்ற ஆல்புமின் வகையில் கரைப்பான் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதமே மருந்தைச் சுமக்கிறது. துகளின் சராசரி அளவு 130 நானோமீட்டர். 30 நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.

ஆல்புமின் ஒரு புரதம். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் தன் மடிப்பை இழந்து விரியும், ஒன்றோடொன்று ஒட்டும். நுரை என்பது அந்தப் பரப்பைப் பல மடங்கு பெருக்குவது. ஆகவே நுரையைத் தவிர்ப்பதுதான் கலக்கும் முறையின் சாரம். 100 மி.கி. குப்பிக்கு 0.9 சதவீத சலைன் 20 மி.லி. ஊசி முனையைக் குப்பியின் உட்சுவரை நோக்கிச் சாய்த்து, குறைந்தது ஒரு நிமிடம் எடுத்து மெல்ல விடுங்கள். உலர்ந்த மருந்துக் கட்டியின் மேல் நேராகப் பீய்ச்சினால் நுரை நிச்சயம். விட்டபின் 5 நிமிடம் தொடாமல் வையுங்கள், கட்டி ஊறட்டும். அவசரத்தில் பலர் தாண்டிப்போவது இந்த 5 நிமிடத்தைத்தான். பிறகு குறைந்தது 2 நிமிடம் மெதுவாகச் சுழற்றியோ கவிழ்த்து நிமிர்த்தியோ கலக்குங்கள். அப்படியும் நுரைத்தால் 15 நிமிடம் நிற்க விடுங்கள், அடங்கும். கிடைப்பது ஒரு மி.லி.க்கு 5 மி.கி. உள்ள, பால் போன்ற கலவை. சிறு கட்டிகள் தெரிந்தால் இன்னும் சில முறை மெல்லக் கவிழ்த்துப் பாருங்கள். இதை மேற்கொண்டு எதிலும் கரைக்க வேண்டாம். கணக்கிட்ட அளவை வெற்று டிரிப் பைக்குள் அப்படியே மாற்றி ஏற்றுவது.

லிப்போசோம் ஆம்ஃபோடெரிசினில் துகள் கொழுப்பு. 50 மி.கி. குப்பிக்கு ஊசிமருந்துக்கான கிருமிநீக்கிய நீர் 12 மி.லி. சேர்த்து உடனே 30 விநாடி வேகமாகக் குலுக்க வேண்டும். உலர்ந்த கொழுப்புக் குமிழ்கள் தனித்தனியாகப் பிரிய அந்த வேகம் தேவை. மெல்லச் சுழற்றினால் கட்டிகள் கரையாமல் தங்கிவிடும். ஒரு மி.லி.க்கு 4 மி.கி. கொண்ட மஞ்சள் கலவை கிடைக்கும். அதை உடன் வரும் 5 மைக்ரான் (5,000 நானோமீட்டர்) வடிகட்டி வழியாக 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்கிறோம்.

இங்கே சலைன் ஏன் ஆகாது? இந்தக் குமிழ்களின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால்தான் அவை பிரிந்து மிதக்கின்றன. உப்பின் அயனிகள் அந்தச் சுமையை மறைத்துவிடும். தள்ளுவிசை போனால் குமிழ்கள் நெருங்கி ஒட்டிப் படியும். டெக்ஸ்ட்ரோஸுக்கு மின்சுமை இல்லை, அதனால் தொல்லையும் இல்லை. ஏற்கெனவே சலைன் ஓடிய குழாயில் இதை ஏற்ற நேர்ந்தால் முதலில் டெக்ஸ்ட்ரோஸால் குழாயைக் கழுவிவிடுங்கள். குப்பியில் காட்டும் அக்கறையைக் குழாயில் மறந்துபோவதால்தான் பாதித் தவறுகள். லிப்போசோம் டாக்சோரூபிசினுக்கும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மட்டுமே: 90 மி.கி. வரை 250 மி.லி.யில், அதற்கு மேல் 500 மி.லி.யில். குழாய்வழி வடிகட்டி வேண்டாம். முதல் முறை நிமிடத்துக்கு 1 மி.கி. வேகத்தில் தொடங்குங்கள். ரத்தத்தில் நோயெதிர்ப்பு வேலை செய்யும் ‘காம்ப்ளிமென்ட்’ புரதங்கள் இந்தக் குமிழ்களைக் கண்டு திடீரென்று கிளர்ந்தெழுவது உண்டு. முகம் சிவத்தல், மூச்சடைப்பு, முதுகுவலி என்று முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும்.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். லிப்போசோம் ஆம்ஃபோடெரிசினின் வழக்கமான அளவு எடையில் ஒரு கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. சாதா ஆம்ஃபோடெரிசின் 1.5 மி.கி.யைத் தாண்டவே கூடாது. தாண்டினால் இதயம் நின்றுபோகலாம். சீட்டில் ‘ஆம்ஃபோடெரிசின் 250 மி.கி.’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வகை என்று கேட்காமல் குப்பியைத் திறக்காதீர்கள்.

கே: நானோ மருந்து நேராகப் புற்றுக்கட்டியைத் தேடிப்போய்த் தாக்கும் என்கிறார்களே, உண்மையா?

ப: தேடிப்போவதில்லை. ரத்தம் போகும் இடமெல்லாம் போகிறது. கட்டியில் கசிவு அதிகம் என்பதால் அங்கே கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறது. ஜப்பானின் மாட்சுமுராவும் மயேடாவும் 1986-இல் விளக்கியது இதைத்தான். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதற்கு முந்தைய பத்தாண்டு விலங்குச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. சுமார் 6 நானோமீட்டருக்குக் குறைந்த துகள்கள் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும்.

0.7 சதவீதம் என்று படித்துச் சோர வேண்டியதில்லை. இதயத்துக்குப் போகும் பங்கைக் குறைத்ததே பெரிய வெற்றி. ஆனால் ‘கட்டியை மட்டும் தாக்கும், பக்கவிளைவே இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கே: கர்ப்பப் பரிசோதனைக் குச்சியில் வரும் சிவப்புக் கோடு தங்கம் என்று படித்தேன். தங்கம் எப்படிச் சிவப்பாக இருக்கும்? சில நேரம் மங்கலான கோடு வருகிறதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

ப: தங்கம்தான். சில பத்து நானோமீட்டர் அளவுக்குத் தங்கம் சிறுத்தால் அதன் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஊசலாடி, 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்கும். பச்சை போனால் கண்ணுக்குச் சிவப்பு. துகள்கள் ஒட்டிக்கொண்டால் நீலமாக மாறும். தங்கக் கூழ்மத்தின், அதாவது தங்க நுண்துகள்கள் மிதக்கும் நீரின், நிறம் துகளின் அளவைப் பொறுத்தது என்று மைக்கேல் ஃபாரடே 1857-லேயே சொல்லிவிட்டார்.

குச்சிக்குள் நடப்பது இது. சிறுநீர் முதல் பஞ்சில் ஊறி, அடுத்த பஞ்சில் காய வைத்திருக்கும் தங்கத் துகள்களைக் கரைத்து இழுத்துச் செல்கிறது. ஒவ்வொரு துகளின் மேலும் கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்பான்கள் (ஆன்டிபாடி) ஒட்டியிருக்கும். நைட்ரோசெல்லுலோஸ் படலத்தில் சோதனைக் கோடு இருக்கும் இடத்தில் அதே ஹார்மோனின் இன்னொரு பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பான் வரிசை. ஹார்மோன் இருந்தால் இரண்டுக்கும் நடுவே பாலமாகி, துகள்கள் அங்கே குவிகின்றன, கோடு தெரிகிறது. அதைத் தாண்டிய துகள்களைக் கட்டுப்பாட்டுக் கோடு பிடிக்கிறது. நீர் ஓடியது, தங்கம் நகர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அந்தக் கோடு சாட்சி. சரியான நாளில், சரியான மாதிரியில் சோதித்தீர்களா என்று அது சொல்லாது.

சொன்ன நேரத்துக்குள் மங்கலாகவாவது நிறத்தோடு கோடு வந்தால், ஹார்மோன் இருக்கிறது என்றே கொள்ளலாம்; இரண்டு நாள் கழித்து விடிகாலைச் சிறுநீரில் மீண்டும் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து வந்து பார்க்கும்போது நிறமில்லாத சாம்பல் கோடு தெரிந்தால், அது நீர் ஆவியானபின் விட்டுப்போன தடம். ஃபாயில் உறையை முன்கூட்டியே கிழித்து வைத்தால் ஈரம் புகுந்து தங்கப் பஞ்சு பாழாகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால் உறையைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வர விடுங்கள்; குளிர்ந்த குச்சியைப் பிரித்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும்.

இன்னொரு விசித்திரம்: ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்தாலும் கோடு மங்கும். துகளிலுள்ள எதிர்ப்பானையும் கோட்டிலுள்ள எதிர்ப்பானையும் ஹார்மோன் தனித்தனியே நிரப்பிவிடுவதால் பாலம் அமைவதில்லை. மாதிரியை நீர்க்கச் செய்து சோதித்தால் கோடு பளிச்சென்று வரும்.

கே: முதுகலை வேதியியல் மாணவி. சிட்ரேட் முறையில் தங்க நானோ துகள் செய்தேன். சிவப்புக்குப் பதில் ஊதாவாகி, மறுநாள் அடியில் கறுப்பாகப் படிந்துவிட்டது. இரண்டு முறை செய்தும் அப்படியே.

ப: நிறம் ஊதாவானால் துகள்கள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். படிந்ததை மீட்க முடியாது, புதிதாகத் தொடங்குங்கள்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணாடிக் குடுவை. சோப்பின் மிச்சமோ முந்தைய சோதனையின் உலோகப் படிவோ போதும், துகள் அங்கே உட்கார்ந்து வளரத் தொடங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 பங்கு, நைட்ரிக் அமிலம் 1 பங்கு கலந்த ராஜ திராவகத்தால், புகைபோக்கிக்குள் வைத்து, குடுவையையும் காந்தக் கலக்கியையும் கழுவுங்கள். அந்தக் கலவையை ஒருபோதும் மூடிவைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும். பிறகு அயனி நீக்கிய நீரால் பலமுறை அலசுங்கள். குழாய்நீர் ஒரு சொட்டும் வேண்டாம். அதிலுள்ள உப்புகள்தான் நம் எதிரி.

1 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலம் 20 மி.லி. எடுத்து, கலக்கிக்கொண்டே தளதளவென்று கொதிக்க விடுங்கள். தங்க உப்பை எடுக்க உலோகக் கரண்டி ஆகாது, அரித்துவிடும். முழுக் கொதி வந்ததும் 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் 2 மி.லி.யை ஒரே வீச்சில் சேருங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் சில துகள்கள் முன்பும் சில பின்பும் பிறந்து அளவு ஒழுங்கில்லாமல் போகும். வெளிர்மஞ்சள் முதலில் நிறமற்றதாகும், பிறகு கருநீலம், பத்து நிமிடத்துக்குள் மாணிக்கச் சிவப்பு. நடுவில் வரும் கருநீலத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவார்கள் சிலர். அது இயல்பான கட்டம். கொதியில் ஆவியான நீரை ஈடுசெய்து 22 மி.லி.க்குக் கொண்டுவாருங்கள். உச்சம் 520 நானோமீட்டர் பக்கம் இருந்தால் துகள் ஏறக்குறைய 15 நானோமீட்டர். சிட்ரேட்டைக் குறைத்தால் துகள் பெருக்கும். மிகவும் குறைத்தால் பாதுகாப்பு போதாமல் ஒட்டும். சிட்ரேட் கரைசல் பழையதா என்றும் பாருங்கள்; அதில் பூஞ்சை எளிதில் வளரும்.

அடுத்து எதிர்ப்பானை ஒட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு எச்சரிக்கை. பி.எச். மானியின் மின்முனையைக் கூழ்மத்துக்குள் நேராக விடாதீர்கள், தங்கம் படிந்து அடைத்துக்கொள்ளும், தாளால் சோதியுங்கள். எதிர்ப்பான் போதுமா என்பதை உப்பே சொல்லும். 1 மி.லி. கூழ்மத்தில் எதிர்ப்பானை வெவ்வேறு அளவில் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டு, 10 சதவீத உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். எந்தக் குழாயில் சிவப்பு நிலைக்கிறதோ, அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மேல் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். கூழ்மத்தை உறைய வைக்கக் கூடாது. பனிப்படிகம் துகள்களை நெருக்கி ஒட்டவைத்துவிடும்.

கே: சிறுநீரக நோயுள்ள என் அப்பாவுக்கு இரும்புச்சத்து ஊசியாக ‘ஃபெருமாக்சிட்டால்’ போட்டார்கள். அடுத்த மாதம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறது. ஏதாவது சிக்கலா?

ப: ஸ்கேன் எடுப்பவரிடம் ஊசி போட்ட தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஊசி வெறும் இரும்புச்சத்து அல்ல, கார்போஹைட்ரேட் உறை போர்த்திய இரும்பு ஆக்சைடு நானோ துகள். எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்துக்குள் போனதும் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தமாகி, சுற்றியுள்ள நீரின் சைகையைக் குலைக்கும். படத்தில் கல்லீரல், மண்ணீரல் எல்லாம் எதிர்பாராத கருமையோடு தெரியலாம். இந்தப் பாதிப்பு 3 மாதம் வரை நீடிக்கும். தெரியாமல் படிப்பவர் அதை இரும்பு மிகைநோய் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அவசரமில்லாத ஸ்கேன் என்றால் தள்ளிப்போடலாம்; அவசரம் என்றால் ஸ்கேன் முறையைக் கொஞ்சம் மாற்றி எடுப்பார்கள். சி.டி. ஸ்கேனுக்கு இந்தத் தொந்தரவு இல்லை.

அடுத்த தவணை ஊசி இருந்தால் ஒரே தள்ளாகச் செலுத்தாமல் குறைந்தது 15 நிமிடம் டிரிப்பாக ஏற்ற வேண்டும். முடிந்தபின் 30 நிமிடம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வேகமாகச் செலுத்தியதில் கடும் ஒவ்வாமை வந்ததால் 2015-இல் அமெரிக்காவில் இந்த எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டது.

கே: எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளைக் குலுக்காதே என்கிறார்கள். உறைகுளிரிலேயே வைத்திருந்தது, குலுக்கினால் என்ன ஆகும்?

ப: துகள் உடையும், அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கும். புரதம் செய்யும் குறிப்பான எம்.ஆர்.என்.ஏ.வைச் சுமக்கும் அந்தத் துகளில் நான்கு வகைக் கொழுப்பு: அயனியாகக்கூடிய கொழுப்பு ஏறக்குறைய பாதி, கொலஸ்ட்ரால் நாற்பது சதவீதத்தை ஒட்டி, பாஸ்போலிப்பிடு பத்து சதவீதம் பக்கம், ‘பெக்’ ஒட்டிய கொழுப்பு ஒன்றரை சதவீதம் போல. எல்லாம் மூலக்கூறு எண்ணிக்கைக் கணக்கில். முதல் வகைதான் கதாநாயகன். ரத்தத்தின் பி.எச்.சில் அதற்குச் சுமை இல்லை. செல் துகளை விழுங்கி, அமிலத்தன்மை கூடிய பைக்குள் அடைத்ததும் அது நேர்மின்சுமை ஏற்று, பையின் சவ்வைக் கிழித்து எம்.ஆர்.என்.ஏ.வை வெளியே விடுகிறது. அப்படித் தப்பிப்பது சில சதவீதமே. மீதி பைக்குள்ளேயே சிதைந்துபோகிறது. இந்தத் துறையில் இன்னும் அவிழாத பெரிய முடிச்சு இதுதான்.

உறைநிலையில் துகளைக் காப்பது கூடவே சேர்த்திருக்கும் சுக்ரோஸ். அது பனிப்படிகம் துகளை நெருக்காமல் பார்த்துக்கொள்கிறது. உருகிய பிறகு மறுபடி உறைய வைத்தால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. குப்பியை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். இதே நான்கு கொழுப்பு வகைகளில் அமைந்த முதல் ஆர்.என்.ஏ. மருந்து ‘படிசிரான்’, நரம்புகளைச் சிதைக்கும் ஒரு மரபு நோய்க்காக 2018-இல் அனுமதி பெற்றது.

கே: மாத்திரையிலும் நானோ உண்டா? ‘நானோ’ என்று அச்சிட்ட சத்துமருந்துகளையும், குடிக்கிற வெள்ளிக் கரைசலையும் வாங்கலாமா?

ப: மாத்திரை, கேப்ஸ்யூல் இரண்டிலும் உண்டு. வாந்தியைத் தடுக்கும் அப்ரெபிடன்ட், உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் சிரோலிமஸ் ஆகியவற்றை நீரில் வைத்து அரைத்து நானோ படிகமாக்கித்தான் தருகிறார்கள். 10 மைக்ரான் துகளை 100 நானோமீட்டராக அரைத்தால் மேற்பரப்பு நூறு மடங்காகும், கரையும் வேகம் கூடும். உணவோடு சாப்பிட்டால் ஒரு அளவு, வெறும் வயிற்றில் வேறு அளவு என்ற ஏற்ற இறக்கமும் இதனால் குறைகிறது.

உறையில் ‘நானோ’ என்று அச்சிட்டிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துகளின் அளவு என்ன, எதனால் ஆனது, எந்தச் சோதனையில் பலன் தெரிந்தது என்ற மூன்றும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். குடிக்கிற வெள்ளிக் கரைசல் கூடவே கூடாது. வெள்ளி தோலில் படிந்து, உடல் சாம்பல்நீலமாகி, அந்த நிறம் ஆயுள் முழுக்கப் போகாது. வாய்வழி வெள்ளியால் எந்த நோயும் தீர்ந்ததாக நிரூபணம் இல்லை.

கே: தீக்காயத்துக்கு நானோ வெள்ளிக் கட்டு போடுகிறார்கள். அதுவும் ஆபத்தா?

ப: இல்லை, அது வேறு கதை. காயத்தின் மேல் ஈரம் பட்டதும் நானோ படிக வெள்ளி சிறுகச் சிறுக வெள்ளி அயனியை விட்டுக் கிருமிகளைக் கொல்கிறது. கட்டை நனைக்கச் சொன்னால் தூய நீரால் நனையுங்கள்; சலைன் ஆகாது. உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து, கரையாத வெள்ளி குளோரைடாக்கிவிடும். கட்டு இருக்கும், வேலை செய்யாது. எண்ணெய்ப்பசைக் களிம்பும் அடியில் வேண்டாம். எம்.ஆர்.ஐ.க்கு முன் கட்டைக் கழற்ற வேண்டும். காயம் சுத்தமாகி மேல்தோல் வளரத் தொடங்கிவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. வெள்ளி கிருமியோடு புதுத் தோல் செல்களையும் ஓரளவு வாட்டும்.

கே: உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிறேன். பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமரில் மின்புலத்தால் நானோ இழை நூற்று, திசு வளர்க்கும் சாரம் (செல்கள் பற்றி வளரும் சட்டகம்) செய்கிறோம். இழையில் மணி மணியாக முடிச்சு விழுகிறது. செல்களும் மேலேயே நிற்கின்றன, உள்ளே போகவில்லை.

ப: மணி விழுவது கரைசல் நீர்த்திருப்பதால். சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அளவுக்குப் பாலிமர் இல்லையென்றால் தாரை இழையாக நீளாமல் சொட்டாகச் சுருங்கும். 80,000 மூலக்கூறு எடையுள்ள பாலிகேப்ரோலாக்டோனை 10 முதல் 12 சதவீதத்துக்கு ஏற்றிப் பாருங்கள். 15 கிலோவோல்ட், ஊசிக்கும் தகட்டுக்கும் 15 செ.மீ., மணிக்கு 1 மி.லி. என்று தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஊசி முனையில் கூம்பு நிலையாக நிற்கிறதா என்பதே சரியான அடையாளம். முனை காய்ந்து அடைத்தால் கரைப்பான் சீக்கிரம் ஆவியாகிறது. சற்று மெதுவாக ஆவியாகும் கரைப்பானைக் கலக்க வேண்டும். நூற்ற படலத்தை ஒன்றிரண்டு நாள் வெற்றிடத்தில் காயவிடுங்கள். செல் சாவதற்குப் பாலிமரைக் குற்றம் சொல்வோம். பல நேரம் உண்மைக் காரணம், உள்ளே தங்கிய குளோரோஃபார்ம் கரைப்பான். கிருமிநீக்க ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள்: 60 டிகிரியில் உருகும் பொருள் இது, இழைகள் ஒரே தகடாகிவிடும். 70 சதவீத எத்தனால் ஊறலும் புற ஊதாவும் ஆய்வகத்துக்குப் போதும்.

செல்கள் உள்ளே போகாததற்கு இரண்டு காரணம். பாலிகேப்ரோலாக்டோன் நீரை விலக்கும். பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) பாய்ச்சியோ ஜெலட்டின் சேர்த்து நூற்றோ அதை மாற்றலாம். இரண்டாவது, இழைகளுக்கு நடுவே உள்ள துளை செல்லைவிடச் சிறியது. செல்லுக்கு 10 முதல் 20 மைக்ரான் இடம் வேண்டும். கூடவே பாலிஎத்திலீன் ஆக்சைடு இழையையும் நூற்று, பிறகு நீரில் கரைத்து எடுத்துவிட்டால் அந்த இடம் வழியாகும். எலும்புக்கான சாரம் என்றால் எலும்பிலுள்ள தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டின் நானோ துகள்களைக் கரைசலில் கலப்பார்கள்; அது கட்டியாகச் சேர்ந்துவிட்டால் இழை அங்கேயே அறுந்துவிடும் என்பதால் நூற்பதற்குச் சற்று முன்பு ஒலியலையால் பிரித்துவிடுங்கள். எலும்பும் ரத்தக்குழாயும் வளர நானோ இழை மட்டும் போதாது, 100 மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய துளைகளும் வேண்டும். ரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் எட்டும் தொலைவு 0.1 முதல் 0.2 மி.மீ. மட்டுமே. உங்கள் சாரம் அதைவிடத் தடிமனாக இருந்து உள்ளே குழாய் வளர வழியில்லையென்றால், நடுவில் விதைத்த செல்கள் சில நாட்களில் மடியும். தடிமனைக் கூட்டும் முன் நடுப்பகுதியை வெட்டிச் சாயமேற்றி, உயிருள்ள செல்களை எண்ணிப் பாருங்கள்.